வரத்துக்காலும் சாலை மட்டமும்: சாக்கோட்டை வட்டாரப் பொதுப்பணிகளுக்கான சூழல் இலக்குகள்

காரைக்குடி 2024இல் மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு, சாக்கோட்டை ஒன்றியத்து ஊராட்சிகள் சிலவும் அதில் சேர்ந்தன. இனி இப்பகுதியின் சாலை, வடிகால், ஊருணிப் பணிகள் மாநகரத் திட்டமாக வகுக்கப்படும். அத்திட்டத்தின் சூழல் இலக்குகள் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா. பசுமைப் பரப்பு, மரக்கன்று எண்ணிக்கை என்று தனி அத்தியாயத்தில் எழுதப்படும் இலக்குகள் கட்டுமானத்தைத் தொடுவதில்லை. ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டிலும் மட்ட அளவாக நுழையும் இலக்கே நிலைக்கும் என்பது என் வாதம்.

இப்பகுதி அடங்கிய செட்டிநாட்டில் அந்த அளவை எங்கே தேடுவது? வற்றாத ஆறில்லாத இந்தச் செம்மண் நிலத்தில் ஊர்களே மழைநீரை முன்வைத்து அமைக்கப்பட்டவை. ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெருவுக்கு வந்து, தெருவின் சரிவில் ஊருணியை அடையும். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றபோது, மாளிகைகளோடு இந்த நீர் அமைப்பும் அவற்றின் சிறப்பாகச் சுட்டப்பட்டது. இங்கே தெரு என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று, அதுவே நீர்வழி. பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே புதிய தளம் போட்டால் தெரு உயர்கிறது, வீட்டு வாசல் தாழ்கிறது, ஊருணிக்குப் போக வேண்டிய நீர் இடையிலேயே தேங்குகிறது. பழைய தளத்தை அகழ்ந்தெடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். அந்த அறிவுரையை அளவுப் புத்தகத்தில் பதியத்தக்க நிபந்தனையாக மாற்றுவதே முதல் இலக்காக வேண்டும். ஊருணிச் சீரமைப்புக்கும் இதே விதி பொருந்தும். சுற்றுச்சுவர், நடைபாதை, விளக்கு எல்லாம் வரலாம். ஆனால் ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாய் அடைபட்டிருந்தால் அந்த வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது, இறுதிப் பட்டியலுக்குப் பணம் வழங்கவும் கூடாது.

மழை ஆண்டுக்கு ஆண்டு மாறும்போது ஊருணி நிறைவதை இலக்காக வைக்க முடியுமா என்று பொறியாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவேதான் நீரின் கொள்ளளவை அல்ல, நீர் வரும் வழியை அளக்கச் சொல்கிறேன். தெருத் தளத்தைவிட வரத்துக்காலின் அடிமட்டம் தாழ்ந்திருக்கிறதா, இடையில் சிறுபாலங்கள் அடைபடாமல் இருக்கின்றனவா என்பதை மழையில்லாத நாளிலும் மட்டக் கருவி கொண்டு சோதிக்கலாம். அதற்கு ஒப்பந்தக்காரரும் உதவிப் பொறியாளரும் பொறுப்பேற்க முடியும்.

இதைவிடக் கடினமானது எல்லைப் பிரச்சினை. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. மாநகராட்சிக்குள் இருக்கும் ஊருணிக்கு நீர் தரும் மேட்டு நிலம் ஒன்றிய எல்லைக்குள் இருக்கக்கூடும். நகர எல்லையோடு நிற்கும் திட்டம் அந்த நீர்வழியைப் பாதியில் வெட்டிவிடும். அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணை சூழல் பாதுகாப்பை நகராட்சிகளுக்கு உரியதாகவும், 11ஆம் அட்டவணை சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிகளுக்கு உரியதாகவும் காட்டுகின்றன. இரண்டையும் இணைக்கும் வரைபடம் ஒன்று தேவை. ஒவ்வொரு ஊருணிக்கும் அதன் நீர்ப்பிடிப்பு, வரத்துக்கால், மிகுநீர் போகும் கண்மாய் ஆகியவற்றைக் குறித்து, மாநகராட்சியும் சாக்கோட்டை ஒன்றியமும் கூட்டாகக் கையொப்பமிட்டு, அதன் பிறகே சாலைப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும்.