ஊதா வெளிச்சம் வீசும் பழைய 'கரன்ட் வைத்தியப் பெட்டி': வீட்டில் பயன்படுத்தலாமா?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ் என்று உடம்பைத் தேற்றிக்கொள்ளவே தென்காசிக்கு ரயில் ஏறுபவர்கள் உண்டு. அருவித் தண்ணீர் தலையில் விழுந்தாலே பாதி நோய் போய்விடும் என்பது அந்த ஊரின் பழைய நம்பிக்கை. நூறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மக்கள் இதே நம்பிக்கையை மின்சாரத்தின் மேல் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சரக்குதான் 'வயலட் ரே' பெட்டி. பழம்பொருளாகவும், புது பிளாஸ்டிக் வடிவத்திலும் இப்போது ஆன்லைனில் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுகிறது. முட்டி வலி, முடி கொட்டுதல், முகப்பரு என எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சின்ன சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. உள்ளே தடிமனான கைப்பிடி, அதில் செருகிக்கொள்ள காளான், சீப்பு, குச்சி வடிவங்களில் கண்ணாடிக் குழாய்கள். பிளக்கைச் செருகினால் 'ஜ்ஜ்' என்ற சத்தம், குழாய்க்குள் ஊதா வெளிச்சம். தோலுக்கு அருகே கொண்டுபோனால் பொறி தாவும். கூடவே ஒரு கார நெடி வரும். அது ஓசோன் வாயு.

வீட்டுக் கரன்டை ஒரு அதிர்வுத் தொடுப்பு விடாமல் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்க, கைப்பிடிக்குள் இருக்கும் டெஸ்லா சுருள் அதைப் பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது. அத்தனை வோல்ட் பட்டும் ஆள் ஏன் சாவதில்லை? அலைவேகம் மிக அதிகம், கரன்ட் அளவு மிகக் குறைவு. நொடிக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரத்துக்கு நரம்பும் தசையும் சரியாக எதிர்வினை காட்டுவதில்லை என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி தார்சொன்வால் 1890-களின் தொடக்கத்திலேயே கண்டறிந்தார். நிகோலா டெஸ்லாவும் அதே காலத்தில் இதைப் பற்றி எழுதினார்.

பெயரில் 'ரே' இருப்பதால் ஏதோ அபூர்வக் கதிர் என்று நினைத்துவிட வேண்டாம். குழாயில் ஆர்கான் போன்ற வாயு இருந்தால் ஊதா நிறம், நியான் இருந்தால் செம்மஞ்சள். கடை போர்டில் எரியும் நியான் விளக்கின் சங்கதிதான் இதுவும்.

எப்படி இவ்வளவு விற்றது?

1910 முதல் 1930-கள் வரை அமெரிக்காவில் இதற்கு நல்ல கிராக்கி. கூடவே வரும் கையேட்டில் தலைவலி முதல் வாதம் வரை நோய்ப் பட்டியல் நீளும். 1906-ல் வந்த அமெரிக்க மருந்துச் சட்டத்தில் கருவிகள் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1938 சட்டம்தான் கருவிகளையும் எஃப்.டி.ஏ.வின் பிடிக்குள் கொண்டுவந்தது. 1951-ல் இண்டியானா மாநிலத்தின் மாரியான் நகரில் தொடரப்பட்ட வழக்கோடு அங்கு இதன் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

நம்ம பக்கம் நிலைமை வேறு. தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாபநாசம் நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது 1944-ல். அதற்குள் வெளிநாட்டில் இந்தப் பெட்டியின் பொற்காலமே போய்விட்டது. அதன் வாரிசைத்தான் இன்று பியூட்டி பார்லர்களில் 'ஹை ஃப்ரீக்வென்சி' மெஷின் என்ற பெயரில் பார்க்கிறோம். பருவைப் போக்கும், முடியை வளர்க்கும் என்பதற்கு வலுவான மருத்துவ ஆதாரம் இல்லை.

அதற்காக அதிக அலைவேக மின்சாரமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. 1926-ல் பாஸ்டனில் டாக்டர் ஹார்வி குஷிங், போவி வடிவமைத்த கருவியால் ரத்தக்கசிவை நிறுத்தி மூளை அறுவை செய்தார். இன்று ஆபரேஷன் தியேட்டர்களில் இருக்கும் 'காட்டரி' அந்த வழியில் வந்ததுதான். எவ்வளவு பவர், எங்கே, எத்தனை நொடி என்ற கணக்கு அங்கே உண்டு. வீட்டுப் பெட்டியில் அது இல்லை.

ஆபத்து எங்கே?

பழைய அமெரிக்கப் பெட்டிகள் 110 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் வீட்டில் 230 வோல்ட். நேராகச் செருகினால் சுருள் கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் பிரச்சினை தீராது. உள்ளே இருக்கும் மெழுகுக் காகிதம், ரப்பர், துணி உறை எல்லாம் நூறு வயதானவை. சாரல் காலத்தில் சுவரே வேர்க்கும் ஊரில் அவை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் இன்சுலேஷன் போய்விடும். பல பழைய மாடல்களில் உள்சுற்று வீட்டு மின்கம்பியிலிருந்து தனியாகப் பிரிக்கப்படவே இல்லை. கண்ணாடி உடைந்தாலோ கைப்பிடி விரிசல் விட்டாலோ, 'ஜிவ்' என்ற கூச்சத்துக்குப் பதில் நேரடி மெயின் ஷாக்தான் கிடைக்கும். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடும் வெறுங்காலோடும் லாட்ஜ் அறையில் இதைப் பிடிப்பதை நினைத்தாலே பகீர் என்கிறது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. பொறி என்றால் நெருப்பு. ஸ்பிரிட், ஆல்கஹால் கலந்த டோனர், ஹேர் ஸ்பிரே போட்ட தோலில் இதை வைத்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் புதிய மெஷினைக்கூட தொடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஓசோன் நெடியே போதும், இழுப்பு வர. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது. 'உணர்ச்சி திரும்ப வரும்' என்று ஆசை காட்டி இதை விற்பது பெரும்பாலும் அவர்களிடம்தான் என்பது கொடுமை.

சட்டம் என்ன சொல்கிறது?

சர்க்கரை நோய், பக்கவாதம், வாதம், வலிப்பு, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மருத்துவக் கருவிகளுக்கு 2017-ம் ஆண்டு விதிகள் தனியாக உண்டு. சிகிச்சைக்கு என்று விற்கும் கருவிகள் எல்லாமே 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதனால் 'நோய் தீரும்' என்று சொல்லி விற்பவரிடம் உரிம எண்ணைக் கேட்கலாம். 'இது அழகு சாதனம் மட்டும்தான் சார்' என்று அவர் நழுவினால், நோய் தீரும் என்று சொன்ன பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

வீட்டுப் பரணில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால்?

'எரியுதா பார்ப்போம்' என்று பிளக்கில் செருக வேண்டாம். யாராவது ஷாக் அடித்துக் கிடந்தால் கையால் இழுக்காமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு 108-க்கு அழைக்க வேண்டும். தாத்தா ஞாபகமாக வைத்துக்கொள்ள ஆசை என்றால், வயரை பிளக்கோடு வெட்டி எடுத்துவிட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத கண்ணாடி அலமாரியில் வைக்கலாம்.