தூக்கி எறியப்பட்ட மருந்து திரும்பி வந்த வரலாறு

(முன்னாள் மாணவர், மின்னியல் துறை)

"விடுதி நினைவுகள் ஏகப்பட்டது வந்தாச்சு, நீங்க வேற ஏதாவது எழுதுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே மெஸ் சாம்பாரை மற்ற நண்பர்களிடம் விட்டுவிட்டு, ஒரு மருந்தின் வரலாற்றை எழுதத் துணிகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் நம்மைப் போன்ற பொறியாளர்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலை இந்த வரலாற்றின் நடுவில் நிற்கிறது. அதுதான் டெஸ்டிங். எதன் மேல் சோதிக்கிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் நல்ல பொருளும் ஃபெயில் ஆகிவிடும். ஒலாபரிப் என்ற மருந்துக்கு அப்படித்தான் ஆனது. அது மீண்டு வந்ததால் இன்று பல பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

நோயும் பழைய சிகிச்சையும்

பெண்களின் சினைப்பையில் (ஓவரி என்கிறோமே, அது) வரும் புற்றுநோய் மிகவும் பொல்லாதது. வயிறு உப்புசம், பசியின்மை, லேசான வலி என்று சாதாரணமாக ஆரம்பிக்கும். வாயுக் கோளாறு என்று நினைத்து நாளைத் தள்ளிவிடுவார்கள். கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் வயிறு முழுவதும் பரவியிருக்கும். ஆபரேஷன் செய்து, பிறகு பிளாட்டினம் கலந்த மருந்துகளால் கீமோதெரபி கொடுப்பார்கள். முதல் தடவை நோய் நன்றாகவே அடங்கும். பிறகு பலருக்குத் திரும்பி வரும். மறுபடி கீமோ, மறுபடி நோய். ஒவ்வொரு சுற்றிலும் இடைவெளி குறைந்துகொண்டே போகும். வந்தவர் எல்லோருக்கும் ஒரே சிகிச்சைதான். கட்டிக்குக் கட்டி உள்ளே என்ன வித்தியாசம் என்று பார்க்க அன்று வழியே இல்லை.

குடும்பங்களில் கிடைத்த துப்பு

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி, மார்பகப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களை 1970களிலிருந்து ஆராய்ந்து வந்தார். இவ்வளவு சிக்கலான நோய்க்கு ஒற்றை ஜீன் காரணமாக இருக்க முடியுமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 1990ல், 23 குடும்பங்களின் விவரங்களை வைத்து, 17ஆவது குரோமோசோமில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். 1994ல் யூட்டாவில் மார்க் ஸ்கால்னிக் குழுவினர் அந்த ஜீனையே கண்டுபிடித்தார்கள். அதுதான் பி.ஆர்.சி.ஏ. 1. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்டிராட்டன் குழுவினர் பி.ஆர்.சி.ஏ. 2 ஜீனைக் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டில் ஒன்றில் பிழையோடு பிறக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, அந்த ஜீன்களுக்கு உடம்பில் என்ன வேலை? இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கத் தொடர்பு ஒன்று உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்த அசோக் வெங்கிட்டராமன், கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேல் முதலியோருடன் செய்த ஆய்வு 1998ல் வெளியாயிற்று. டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பதில் பி.ஆர்.சி.ஏ. 2க்குப் பங்கு உண்டு என்பதை அது காட்டியது.

ஈ.பி.யும் ஜெனரேட்டரும்

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. தினமும் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதாகிறது. அது முறுக்கிய இரட்டை இழை. ஓர் இழை மட்டும் அறுந்தால் பார்ப் என்ற என்சைம் ஓடிவந்து பழுதுபார்க்க உதவும். இரண்டு இழையும் அறுந்தால் பி.ஆர்.சி.ஏ. கூட்டம்தான் பிசகில்லாமல் ஒட்டவேண்டும்.

நம்ம பாஷையில் சொன்னால் ஈ.பி. கரண்டும் ஜெனரேட்டரும் மாதிரி. ஈ.பி. போனாலும் ஜெனரேட்டர் இருந்தால் ஆஸ்பத்திரி ஓடும். ஜெனரேட்டர் ரிப்பேர் ஆனாலும் ஈ.பி. இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் போனால்தான் இருட்டு. பார்ப் என்ற ஈ.பி.யை மருந்தால் நிறுத்திவிட்டால், சரியாகாத ஒற்றை அறுப்புகள் செல் பெருகும்போது இரட்டை அறுப்புகளாக மாறும். பி.ஆர்.சி.ஏ. என்ற ஜெனரேட்டர் உள்ள செல் சமாளித்துக்கொள்ளும். இல்லாத செல் செத்துப்போகும்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிழையோடு பிறந்த பெண்ணின் ஆரோக்கியமான செல்களில் அம்மா வழி, அப்பா வழி என்று வந்த இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாகவே இருக்கும். ஆகவே அங்கே ஜெனரேட்டர் ஓடும். புற்றுநோய்க் கட்டியில்தான் அந்த நல்ல பிரதியும் தொலைந்திருக்கும். கட்டியை மட்டும் தேடிப் பிடித்து அடிக்க இதைவிட நல்ல அடையாளம் ஏது?

இரண்டு பழுது சேர்ந்தால்தான் மரணம் என்ற இந்தக் கருத்து புதியதல்ல. கால்வின் பிரிட்ஜஸ் 1922லேயே பழ ஈக்களில் இதைக் கவனித்தார். 1946ல் டோப்ஜான்ஸ்கி அதற்குப் பெயர் வைத்தார். 1997ல் லீலண்ட் ஹார்ட்வெல் குழுவினர், புற்றுநோய் மருந்து தேட இதைப் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். 2005 ஏப்ரலில் நேச்சர் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று லண்டன் ஆலன் ஆஷ்வொர்த் குழுவினருடையது, மற்றது ஷெஃபீல்டு தாமஸ் ஹெல்லடே குழுவினருடையது. பி.ஆர்.சி.ஏ. இல்லாத செல்கள் பார்ப் தடுப்பு மருந்தில் மடிகின்றன என்று இரண்டும் காட்டின. ஒலாபரிப் மருந்தை உருவாக்கியது, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டீவ் ஜாக்சன் தொடங்கிய கூடோஸ் என்ற சிறிய கம்பெனி. அதை அஸ்ட்ராஜெனிக்கா வாங்கிக்கொண்டது.

மனிதர்களில் நடந்த முதல் சோதனை 2009ல் வெளியானது. 60 நோயாளிகள். கட்டி சுருங்கியது பி.ஆர்.சி.ஏ. பிழை உள்ளவர்களிடம் மட்டுமே.

சராசரி செய்த வினை

இங்கேதான் கதை திரும்புகிறது. அடுத்து 19 என்ற எண்ணிட்ட சோதனை நடந்தது. நோய் திரும்பி வந்து, பிளாட்டினம் மருந்துக்கு மீண்டும் கட்டுப்பட்ட 265 பெண்கள். பாதிப் பேருக்கு ஒலாபரிப், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து என்றால் ஒரு நாளைக்கு 16 காப்ஸ்யூல்! ஆனால் பி.ஆர்.சி.ஏ. பிழை இருந்தால்தான் சேரலாம் என்ற நிபந்தனை இல்லை. பலருக்கு அந்தப் பரிசோதனையே செய்திருக்கவில்லை.

முடிவு என்ன? நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 8.4 மாதம், மற்றவர்களுக்கு 4.8 மாதம். ஆனால் ஆயுள் கூடியதா என்று இடைக்கணக்கு பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 30 மாதம். அதே 2011 ஜனவரியில், பார்ப் தடுப்பு மருந்து என்று விளம்பரம் பெற்ற இனிபரிப் பெரிய சோதனையில் தோற்றிருந்தது. (அது உண்மையில் பார்ப்பைச் சரியாகத் தடுப்பதே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.) 2011 டிசம்பரில் அஸ்ட்ராஜெனிக்கா, சினைப்பைப் புற்றுநோய்க்கான ஒலாபரிப் பெரிய சோதனைக்குப் போகாது என்று அறிவித்து, 28.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. ஆயுள் கூடும் என்று தோன்றவில்லை, பெரிய சோதனைக்கு ஏற்ற மாத்திரை அளவும் அமையவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. சோதனையில் சேர்ந்த பெண்களின் ரத்தத்தையும் கட்டி மாதிரிகளையும் எடுத்து ஜீன் பரிசோதனை செய்தார்கள். 254 பேருக்கு விடை கிடைத்தது. அவர்களில் 136 பேருக்குப் பி.ஆர்.சி.ஏ. பிழை இருந்தது. அவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால், 11.2 மாதத்துக்கு எதிரே 4.3 மாதம்! பழைய கணக்கில் இருந்த அதே பெண்கள், அதே மருந்து. மொத்தச் சராசரி மூடி வைத்திருந்ததைப் பிரிப்பு வெளியே காட்டிவிட்டது. 2013ல் கம்பெனி மருந்தைக் குப்பையிலிருந்து எடுத்து மீண்டும் பெரிய சோதனைக்கு அனுப்பியது.

அங்கீகாரமும் அதற்குப் பிறகும்

பிறகு பிரித்துப் பார்க்கிற கணக்கில் ஓர் ஆபத்து உண்டு. எத்தனையோ விதமாகப் பிரித்தால் ஏதாவது ஒன்றில் நமக்குப் பிடித்த விடை தற்செயலாக வந்துவிடும். 2014 ஜூனில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 11க்கு 2 என்ற கணக்கில், பெரிய சோதனையின் முடிவு வரட்டும் என்று சொன்னது இந்த எச்சரிக்கையால்தான். எஃப்.டி.ஏ. வேறொரு சோதனையைப் பார்த்தது. பிறவிப் பிழையுள்ள, பல கீமோக்களைக் கடந்த 137 பெண்களில் 34 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. 2014 டிசம்பர் 19ல் அனுமதி கிடைத்தது. யாருக்குக் கொடுக்கலாம் என்று கண்டறியும் ரத்தப் பரிசோதனையும் அதே நாளில் அங்கீகாரம் பெற்றது. பூட்டும் சாவியும் சேர்ந்தே வந்தன.

உண்மையான பரீட்சை 2018ல் வந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்டு, பி.ஆர்.சி.ஏ. பிழை இருப்பதை முன்கூட்டியே உறுதி செய்த 391 பெண்கள். முதல் கீமோ முடிந்ததும் இரண்டு ஆண்டு மாத்திரை. நோய் வளரும் அல்லது மரணம் நேரும் அபாயம் 70 சதவீதம் குறைந்தது. ஏழாம் ஆண்டில் மருந்து சாப்பிட்டவர்களில் 67 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; மற்ற பிரிவில் 46.5 சதவீதம். அந்த இடைக்கணக்கு, முன்பே வகுத்த மிகக் கடுமையான புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல கீமோக்களுக்குப் பிறகு கொடுக்கலாம் என்று 2014ல் கிடைத்த அந்த முதல் அனுமதியைக் கம்பெனி 2022ல் தானாகவே அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. நிறைய கீமோ கண்ட பெண்களுக்கு, சாதாரண கீமோவைவிட ஒலாபரிப்பால் ஆயுள் குறைந்திருக்கலாம் என்று இன்னொரு சோதனை காட்டியதே காரணம். ஆக, சரியான நோயாளி என்றால் போதாது, சரியான நேரமும் வேண்டும். ரத்தசோகை சாதாரணமாக வரும் பக்கவிளைவு. அபூர்வமாக ரத்தப் புற்றுநோயும் வரலாம். ஆகவே இது சர்வரோக நிவாரணி அல்ல.

இன்று கர்ப்பப்பைப் புற்றுநோயிலும் இதே பாதைதான். டி.என்.ஏ. எழுத்துப்பிழை திருத்தும் ஏற்பாடு கெட்டுப்போன கட்டியா என்று முதலில் பரிசோதித்து, அப்படி இருந்தால் டோஸ்டார்லிமாப் போன்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். இதற்கு எஃப்.டி.ஏ. 2021ல் அனுமதி அளித்தது.

நமக்கு என்ன?

இளைய மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுவீர்கள். சராசரி மோசம் என்றால் பொருளைத் தள்ளுவதற்கு முன் எந்தெந்தச் சாம்பிள்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று ஒரு முறை பாருங்கள். பிரித்துப் பார்த்ததில் நல்ல விடை வந்தால், அதையும் உடனே நம்பிவிடாமல் புதிதாக ஒரு சோதனை வைத்து நிரூபியுங்கள். ஒலாபரிப் விஷயத்தில் இரண்டும் நடந்தன.

என் வயது நண்பர்களுக்கு வேறொரு வார்த்தை. அம்மா, சித்தி, பெரியம்மா, அத்தை, அக்கா தங்கை என்று குடும்பத்தில் யாருக்காவது சினைப்பைப் புற்றுநோயோ, இளவயதில் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். "பொண்ணு கல்யாணம் பாதிக்கும்" என்று மூடி வைக்காதீர்கள். அப்பா வழியிலும் இந்தப் பிழை வரும் என்பதை மறக்கவேண்டாம். இந்தப் பரிசோதனை இன்று நம் நாட்டிலும் செய்யப்படுகிறது. மேரி கிளேர் கிங்கிடம் தங்கள் வீட்டுக் கதையை மறைக்காமல் சொன்ன குடும்பங்கள் இருந்ததால்தான் இந்த மருந்துக்கு வழியே பிறந்தது.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் புகழ்!