அக்ரஹாரத்துக் கழுதையும் ஊர்ப்பணமும்

அல்லிநகரத்து பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வெளியான 1977-இல் சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். தமிழில் இன்னொரு படமும் அந்த ஆண்டுக்குரியது: ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. மயிலையும் சப்பாணியையும் அறியாத வீடு வடுகபட்டிப் பக்கம் இருக்காது. கழுதையைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஜான் என்றதும் குடி, தாடி, நாடோடி வாழ்க்கை என்றே பேச்சு ஓடுகிறது. அவரைச் சுதந்திரக் கலைஞராக்கியது அதுவல்ல, யாருடைய காசில் படம் எடுப்பது என்று அவர் கடைசியில் எடுத்த முடிவுதான் என்பது என் கட்சி.

1937-இல் கேரளத்தில் பிறந்தவர். எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் ரித்விக் கட்டக்கிடம் படித்தார். கழுதைப் படத்துக்கு எழுதியவர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தாயை இழந்த குட்டியைப் பேராசிரியர் தன் ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோகிறார், வாய் பேசாத உமா அதை வளர்க்கிறாள். கோயில் வாசலில் ஒரு குழந்தையின் பிணம் கிடக்க, பழி கழுதைமேல் விழுகிறது. அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஊரில் நல்லது நடக்க நடக்க, கொன்ற கைகளே அதற்குக் கோயில் கட்டக் கிளம்புகின்றன. ஒரு சாதியைச் சீண்ட எடுத்த படம் என்று சொல்வோர் இந்தப் பிற்பாதியைக் கணக்கில் எடுப்பதில்லை. அடித்துக் கொன்றதைச் சாமியாக்கிக் கும்பிடும் வழக்கம் நம் பக்கத்து எல்லா ஊருக்கும் உண்டு. படத்துக்குத் தமிழின் சிறந்த படம் என்ற தேசிய விருது கிடைத்தது, தியேட்டர்தான் கிடைக்கவில்லை. ஒளிபரப்ப முன்வந்த தூர்தர்ஷனும் எதிர்ப்புக்குப் பின்வாங்கியது. அரசு தந்த மெடல் அரசின் தொலைக்காட்சியிலேயே செல்லவில்லை.

பாரதிராஜா மட்டும் தனியார் பணத்தில் சாதிக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அரசுக் கடனை நம்பி ‘மயில்’ என்று கறுப்பு வெள்ளையில் யோசித்த கதை, எஸ்.ஏ. ராஜ்கண்ணு பணம் போட்ட பிறகு வண்ணப்படமாகத்தான் வந்தது. படத்துக்கு அதனால் நஷ்டமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டை வடுகபட்டிச் சந்தையில் இறக்குகிறவருக்கு இந்தக் கணக்கு புரியும்: முன்பணம் தந்தவர் பேச்சுக்கு எடை அதிகம். அந்த முன்பணக்காரர் இல்லாமல் எடுத்துப் பார்ப்போம் என்றுதான் 1984-இல் கோழிக்கோட்டில் ஜானின் ஒடேசா கூட்டமைப்பு உருவானது. ஊர் ஊராகப் படம் போட்டு, ஜனங்களிடம் சில்லறையும் நோட்டுமாக வசூலித்த காசில் 1986-இல் ‘அம்ம அறியான்’ முடிந்தது. நண்பனின் சாவை அவன் தாயிடம் சொல்லப் புறப்படும் இளைஞனோடு வழியெல்லாம் ஆள் சேர்ந்துகொண்டே போகும் கதை. படத்துக்குக் காசு சேர்ந்த விதமும் அதுதான். கொட்டகைக்காரர் கதவைச் சாத்தினாலும் இந்தப் படத்துக்குப் பார்வையாளர் இருந்தார்கள், அவர்களே முதலாளிகளும்.

ஒரே படத்தோடு முடிந்ததை வழி என்பதா என்றால், பாதி ஒத்துக்கொள்ளலாம். 1987 மே 31-இல் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து ஜான் இறந்தார். அந்த அளவில் இன்னொரு கதைப்படம் ஒடேசாவிலிருந்து வரவில்லை. ஆனால் ஊர் ஊராகத் திரை கட்டும் வேலையும் ஆவணப்படங்களும் ஒடேசா சத்யன் கையில் தொடர்ந்தன. அதே 1987-இன் கடைசியில் பாரதிராஜாவும் அக்ரஹாரத்துக்குள் நுழைந்தார். ‘வேதம் புதிது’ தணிக்கையில் பட்ட பாடு அடுத்த இதழில்.