வெயில் வாங்கும் மெத்தை: திருத்தணி வட்டாரத் தட்டைக் கூரைகளில் சுண்ணாம்பு முதல் தார்ச்சுருள் வரை

கோடை நாட்களில் வானிலை மையம் வெளியிடும் வெப்பப் பட்டியலில் வேலூரை அடுத்தோ அதற்கு முன்னாலோ திருத்தணியின் பெயர் வந்துவிடும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. கடற்காற்று எட்டும் முன்பே மலையடிவாரப் பாறைகள் சூடேறிவிடுகின்றன. அக்டோபரில் அதே ஊரின் மேல் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. வங்கக் கடலில் புயல் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். நான்கு மாதம் வறுபட்ட தளத்தின் மேல்தான் அந்த நீர் நிற்கிறது. தட்டைக் கூரையின் நீர்க்காப்பு வரலாற்றை மழையை வைத்து எழுதுவது வழக்கம். இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை அதை வெயிலை வைத்து எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே தளத்தைப் பிளப்பது வெயில். மழை பிறகு வந்து அந்தப் பிளவைக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் ஒரு சொல். வடதமிழ்நாட்டில் மாடி வீட்டை ‘மெத்தை வீடு’ என்பார்கள். பேச்சில் ‘மெத்த வீடு’. வடாம் காய்வதும் கோடை இரவில் பாய் விரிப்பதும் மெத்தை மேல்தான். எல்லைக்கு அப்பால் தெலுங்கில் அதுவே ‘மித்தெ’. ராயலசீமையின் பழைய மித்தெகளில் மரச்சட்டத்தின் மேலோ கற்பலகையின் மேலோ சவுட்டு மண்ணைக் கெட்டியாகப் பரப்பியிருப்பார்கள். மழை குறைந்த நாட்டில் அது போதும். நனைந்தால் மண் இறுகி நீரைத் தடுக்கும், காய்ந்தால் வெடிக்கும், அடுத்த ஆண்டு மேலே இன்னொரு கூடை மண். கிழக்கே கடலோர மாவட்டங்களில் மழை அதிகம் என்பதால் மண் நிற்காது, அங்கே சுண்ணாம்பு. இந்த இரண்டு கூரை மரபுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது திருத்தணி.

ஆட்சி எல்லையும் அப்படியேதான் அலைந்தது. கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்த ஊர், 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் போனது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே சென்றது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. கொத்தனாருக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. சென்னை மாகாணப் பொதுப்பணித் துறைக்கென எழுதப்பட்ட கட்டட விதிமுறைகளின் வழிவந்தவையே எல்லைக்கு இரு புறமும் புழங்கின.

அந்த மரபின் உச்சம் ‘மெட்ராஸ் டெரஸ்’. ஒரு நகரத்தின் பெயரை ஏந்திய கூரை இந்தியத் தர நிர்ணயங்களிலும் இடம்பெற்றது, ஐ.எஸ். 2119 என்ற விதியின் தலைப்பிலேயே அந்தப் பெயர் உண்டு. கட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாமே இதிலிருந்து எதையோ கழித்ததுதான். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அதன் மேல் மெல்லிய தளச்செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் தோய்த்து, விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது; ஒட்டிய செங்கல் முன்வரிசையைப் பற்றிக்கொண்டு நிற்கும். அது இறுகியதும் மேலே நான்கு அங்குலம் அளவுக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். பிறகு அடி. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே அடிக்க வேண்டும். கட்டை பதியாமல் எகிறத் தொடங்கினால் தளம் இறுகிவிட்டது என்று பொருள். அதற்கும் மேலே இரண்டு மூன்று வரிசைத் தட்டோடு. பத்தடிக்கு இரண்டு அங்குலம் என்ற கணக்கில் வாட்டம், தூம்பை நோக்கி.

இந்த அடுக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வெயிலைத் தட்டோடு வாங்கியது. சூட்டைத் தடிமனான ஜல்லித்தளம் தாமதப்படுத்தியது. நீரை வாட்டம் விரட்டியது. எஞ்சி ஊறிய ஈரத்தைச் சுண்ணாம்பு உறிஞ்சி, வெயில் வந்ததும் மூச்சாக வெளியேவிட்டது. மயிரிழை வெடிப்பில் புகுந்த நீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து அங்கேயே படியவைத்து அடைத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. கெட்டித்தன்மையில் சிமென்டுக்கு ஈடாகாத பொருள் ஆயுளில் அதை மிஞ்சியதற்கு இந்த நெகிழ்வுதான் காரணம்.

கற்கூரையையும் தொட்டுக்காட்டிவிட்டுப் போகலாம். பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயில் திருத்தணியில் இருக்கிறது. யானை முதுகு வடிவில் அமைந்த முழுக் கற்றளி. இத்தகைய கோயில்களில் கல் ஒழுகாது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள மூட்டுதான் ஒழுகும். தட்டையான மண்டபங்களின் மேல் சுண்ணாம்புத் தளமும் தட்டோடும் போடுவது அந்த மூட்டுகளுக்காகத்தான். குடமுழுக்குத் திருப்பணிப் பட்டியலில் ‘மேல்தளம் ஓடு பதித்தல்’ தவறாமல் இடம்பெறுவதும் இதனாலேயே.

சிமென்ட் மெதுவாகத்தான் வந்தது. நாட்டின் முதல் போர்ட்லண்ட் சிமென்ட் முயற்சி 1904இல் சென்னையிலேயே நடந்து, நீடிக்காமல் போனது. டால்மியாபுரமும் தாழையூத்தும் உற்பத்தியைத் தொடங்கிய பிறகும் கட்டுப்பாட்டு விலையும் பெர்மிட்டும் சிமென்டை அரிய பொருளாகவே வைத்திருந்தன. 1982இல் கட்டுப்பாடு பாதி விலகியது, 1989இல் முழுதும் விலகியது. சின்ன ஊர்களில் சுண்ணாம்புக் காளவாய்கள் அணைந்ததும் கான்கிரீட் தளம் பொதுவழக்கானதும் ஏறத்தாழ இந்த இடைவெளியில்தான். ஊரிலுள்ள முருகன் படைவீட்டுக்கு வரும் கூட்டத்தை நம்பி எழுந்த கல்யாண மண்டபங்களும் லாட்ஜுகளும் இந்தக் கான்கிரீட் யுகத்தின் குழந்தைகள்.

கான்கிரீட் வலுவானது, ஆனால் அது அசையும். ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் நீளும். 10 மீட்டர் தளம் பகலுக்கும் இரவுக்கும் இடையே 30 டிகிரி ஏறி இறங்கினால் தினமும் 3 மில்லிமீட்டர் போய் வருகிறது. அதைச் சுவர் தடுத்தால் கைப்பிடிச் சுவரின் அடியில் நீளவாட்டில் வெடிப்பு விழும். மண்டபத் தளமோ 20, 30 மீட்டர். சுண்ணாம்புத் தளம் நூறு மயிரிழைகளாகப் பகிர்ந்துகொண்ட அசைவைக் கான்கிரீட் இரண்டு மூன்று பெரிய வெடிப்புகளில் கொட்டித் தீர்க்கிறது.

வெடிப்புக்கு மேல் ஒட்டத்தான் தார் வந்தது. (நிலக்கரியிலிருந்து வடிப்பதும் பெட்ரோலியத்தின் அடியில் தங்கும் பிட்டுமெனும் வேதியியலில் வேறு வேறு; தமிழில் இரண்டுக்கும் தார் என்று ஒரே பெயர். கூரையேறும் மேஸ்திரிக்கு அந்த வேறுபாடு தேவைப்பட்டதும் இல்லை.) சணலோ வேறு நாரோ கலந்த துணியில் தார் ஏற்றிய ‘தார் ஃபெல்ட்’டுக்கு ஐ.எஸ். 1322 என்ற தரமும், அதைக் கூரையில் பதிக்க ஐ.எஸ். 1346 என்ற விதியும் உண்டு. 1969இல் மணலி சுத்திகரிப்பாலை ஓடத் தொடங்கியபின் தார் வடதமிழகத்துக்கு உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. ஃபெல்ட்டை ஒட்டப் பயன்பட்டது காற்றூதிய தார். அதன் 85/25 என்ற தரப்பெயரில் முதல் எண்தான் நம் கதைக்கு முக்கியம்: 85 டிகிரியில் அது இளகும். நேர் வெயிலில் கிடக்கும் கறுப்புப் பரப்பு, காற்று 42 டிகிரியாக இருக்கும்போது 70ஐத் தாண்டிவிடும். இளகுவதற்கு எஞ்சிய இடைவெளி பத்துப் பதினைந்து டிகிரிதான். லண்டன் கூரையில் அந்த இடைவெளி எவ்வளவோ பெரிது; திருத்தணிக் கூரையில் கைப்பிடிச் சுவரில் ஏற்றிய ஃபெல்ட் மே மாதத்தில் மெல்லச் சரிந்து மடியும். மிஞ்சியதைப் புற ஊதாக் கதிர் உலர்த்தி முதலைத்தோல் போல வெடிக்கவைக்கும்.

மாற்றம் இத்தாலியிலிருந்து வந்தது. 1954இல் மிலான் தொழில்நுட்பக் கழகத்தில் ஜூலியோ நாட்டா பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார். 1963இல் சீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த உற்பத்தியில் ஒழுங்கற்ற அமைப்புடைய, மெழுகு போன்ற ஒரு கழிவு மிஞ்சியது. அதைத்தான் 1960களில் இத்தாலியர்கள் தாரில் கலந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 25 முதல் 35 பங்கு வரை சேர்த்தால் கலவை தலைகீழாகிறது: தாருக்குள் பிளாஸ்டிக் என்ற நிலை போய், பிளாஸ்டிக்குக்குள் தார் என்றாகிறது. இளகும் வெப்பம் 150 டிகிரிக்கு உயர்கிறது. ஏ.பி.பி. ஷீட் எனக் கடைகளில் விற்கும் தார்ச்சுருள் இதுதான். பிரான்சும் ஜெர்மனியும் வேறு பாதையில், எஸ்.பி.எஸ். என்ற ரப்பரைக் கலந்தன. உறைபனியிலும் வெடிக்காமல் வளைவது அதன் பெருமை. கடும் தட்பவெப்பத்துக்கான கூரை என்று மேலைநாட்டு நூல்கள் எஸ்.பி.எஸ்.ஸைப் புகழும்போது அவர்கள் மனத்தில் இருப்பது பனி. நமக்குக் கடுமை என்பது எதிர்த்திசையில் இருக்கிறது. நம் ஊர்களில் ஏ.பி.பி. நிலைத்ததற்கு விலையோடு இந்த 150ஐயும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரு மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே பாலியெஸ்டர் துணி. தளத்தைத் துடைத்து பிரைமர் பூசி, கேஸ் சிலிண்டரில் இணைத்த பர்னரால் அடிப்பக்கத்தை உருக்கி உருட்டிக்கொண்டே போக வேண்டும். பக்கத்து ஷீட்டின் மேல் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். பெண்கள் பல நாள் உட்கார்ந்து அடித்த வேலையை இரண்டு ஆண்கள் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் அடிப்பாட்டும் கூலியும் கூரையை விட்டு இறங்கிய கதையைத் தொழில்நுட்ப வரலாறுகள் எழுதுவதில்லை.

இறங்கியது அது மட்டுமா? வாட்டமும் இறங்கிவிட்டது. ஜல்லித்தளம் போடும்போதே வாட்டம் அமைந்துவிடும், தனிச் செலவு இல்லை. ஷீட் 4 மில்லிமீட்டர். அது தளத்தின் மேடு பள்ளத்தை அப்படியே நகலெடுக்கும். நான் ஏறிப் பார்த்த ஒரு மண்டபத்தின் மெத்தையில் ஷீட் புத்தம் புதிது, நடுவில் கணுக்கால் அளவு நீர். அடியில் சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி ஆங்காங்கே அப்பளம் போலப் புடைத்திருந்தது. சுண்ணாம்புக்கு இருந்த மூச்சு இதற்கு இல்லை. மழைக்காலம் முடிந்து தளம் உலரும் முன் ஒட்டினால் இப்படித்தான்.

இந்தக் குறைகளைக் கண்டுகொண்டவர்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை, பழைய அடுக்குக்கே திரும்பினார்கள். ஷீட்டை ஒட்டி, இரண்டு நாள் நீர் தேக்கிச் சோதித்து, அதன் மேல் வாட்டத்தோடு ஜல்லித்தளம் பரப்பி, மேலே ஓடு. இப்போது பெரும்பாலும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். வெயிலை மறுபடியும் ஓடு வாங்குகிறது, நீரை மட்டும் தார் பார்த்துக்கொள்கிறது. ஷீட்டை வெறுமையாக விடுவதென்றால் அலுமினியத் தகடோ கற்துகளோ பதித்த வகை வேண்டும். அதற்கு ஓட்டின் ஆயுள் கிடையாது.

அந்த ஜல்லித்தளத்தைக் கொத்தனார்கள் இன்றும் ‘சுர்க்கி’ என்கிறார்கள். செங்கல்லை இடித்த செம்பொடிக்கு, சிவப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சிமென்ட் கலவையில் போடும் இன்றைய தளங்கள் பலவற்றில் அந்தப் பொடி இல்லை. ஆனாலும் மேஸ்திரி தளத்தைப் பார்த்ததும் கேட்பது, “சுர்க்கி போட்டாச்சா?”