போர்க்காலம் என்னும் சொல்

நாடுகளுக்கு வரலாறு இருப்பது போலவே சொற்களுக்கும் வரலாறு உண்டு. 'போர்க்காலம்' என்னும் சொல்லின் வரலாற்றை எங்கள் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் நின்று நோக்க விழைகிறேன்.

பொருதல் என்பது ஒன்றோடொன்று மோதுதல். அதன் வழிப் பிறந்ததே போர். பண்டைத் தமிழர் போரின் நிலைகளுக்குப் பூக்களின் பெயரிட்டனர். ஆநிரை கவர்தல் வெட்சி; படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி; மதிலை முற்றுதல் உழிஞை; நேர்நின்று பொருதல் தும்பை; வெற்றி வாகை. இவை படைஞரின் செயலைக் குறித்த பெயர்கள்.

1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரின் களம் எங்களூருக்குத் தொலைவில் இருந்தது. ஆயினும் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தது. முதியோர் 'யுத்த காலம்' என்று சொல்லும்போது அத்தட்டுப்பாட்டையே கருதினர் என்பதை நான் கேட்டறிந்துள்ளேன். ஆட்சியாளருக்கோ அச்சொல் நிதி திரட்டும் கருவியாயிற்று. போர் நிதிக்குப் பணம் தரலாகாது என்று பேசிய விருதுநகர்க் காமராசர் 1940 இறுதியில் சிறை புகுந்தார். சிறையில் இருக்கும்போதே 1941இல் அவ்வூர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிவகாசியிலோ அக்காலம் வேறு பயன் விளைத்தது. கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் அதனை இங்கே தொடங்கியிருந்தனர். உலகப் போரினால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்துக் குன்றவே, உள்ளூர்ப் பட்டாசுத் தொழில் தழைத்தது. ஓரிடத்தின் அழிவுக்காலம் பிறிதோரிடத்தின் ஆக்கக்காலமாயிற்று.

இன்று செய்தித்தாள்களில் 'போர்க்கால அடிப்படையில்' என்னும் தொடரை நாள்தோறும் காண்கிறோம். வெள்ளம் வடித்தலும் சாலை செப்பனிடுதலும் அவ்வடிப்படையில் நடைபெறுகின்றன. இங்கே போர் இல்லை. விரைவு என்பதே பொருள். பட்டாசு ஆலையில் தீ மூண்ட பின்னரும் அத்தொடரே ஒலிக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரை எவ்விரைவும் மீட்டுத் தருவதில்லை.

உராய்வும் வெப்பமும் வெடிமருந்துக்குப் பகை. ஆதலின் ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதிகள் வரையறுக்கின்றன. அவ்வரையறை ஒருவரும் பரபரப்பு அடையாத சாதாரண நாளில் காக்கப்பட வேண்டியது. போர்க்காலத்திற்கு முடிவு உண்டு; இக்காவலுக்கு முடிவில்லை. போர்க்கால அடிப்படை என்னும் தொடர் நம்மிடம் வழங்குகிறது. அமைதிக்கால அடிப்படை என்றொரு தொடரும் வழக்கில் வருமாயின், அதன் பொருளை முதலில் உணரவேண்டிய ஊர் எங்கள் ஊரே.