கந்தோர் வந்த வழி

மட்டக்களப்பின் புளியந்தீவிலே, இருபுறம் வாவியும் இருபுறம் அகழியும் காவலாகப் போர்த்துக்கேயர் 1628 ஆம் ஆண்டில் எழுப்பிய கோட்டையை, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். அக்கோட்டை 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அலுவலகத்தைக் குறிக்க ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ‘கந்தோர்’ என்னும் சொல்லோ நம் மக்களின் நாவிலேயே தங்கிவிட்டது.

‘கந்தோருக்குப் போயித்து வாறன்’ என்று நம் பாட்டனார் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அவர் வாயில் ஒலித்தது ஒல்லாந்தச் சொல். ஒல்லாந்தருக்கோ அது பிரெஞ்சு பாஷை ஈந்த ‘கொன்த்துவார்’. எண்ணுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் தாதுவிலிருந்து பிறந்த அச்சொல், ஆதியில் வணிகன் காசை எண்ணி வைக்கும் மேசையையே குறித்தது. அம்மேசை இங்கிலாந்தை அடைந்து கடைக்காரனின் ‘கவுண்டர்’ ஆயிற்று. ஒல்லாந்திலே அச்சொல், மேசை கிடந்த அறையையும் பின்னர் அவ்வறையில் அலுவல் பார்க்கும் ஸ்தாபனத்தையும் தழுவிக்கொண்டது. ஹன்சா என்னும் ஜெர்மானிய வணிகச் சங்கத்தார் நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் வைத்திருந்த குடியிருப்பு முழுவதற்குமே அதுவே பெயராயிற்று. பிரெஞ்சுக்காரரும் புதுச்சேரி, காரைக்கால் முதலிய தங்கள் வணிகத் தலங்களை அப்பெயராலேயே வழங்கினர். ஒல்லாந்தக் கும்பனி ஆண்ட ஜாவாவிலும் அது வேரூன்றியதால், இந்தோனேசியர் இன்றும் அலுவலகத்தைக் ‘கன்தோர்’ என்றே சொல்கின்றனர்.

நம்மிடம் வந்து சேர்ந்தபோது காசெண்ணும் பொருள் அறவே மறைந்து, மனுவைக் கையிலேந்தி உத்தியோகத்தரைக் காணக் காத்திருக்கும் இடம் என்னும் பொருளே எஞ்சியது. ஆங்கிலேயரின் ‘கவுண்டர்’ நம் செவியில் டகரமாகப் பதிய, ஒல்லாந்தரின் சொல்லோ தகரமாகப் பதிந்தது. அவர்கள் தந்த ‘நொத்தாரிசு’ என்பதிலும் அதே தகரமே. ஏடெழுத்தறியாத வாவிக்கரைக் குடியானவனின் செவி, இரு அந்நியரின் நாவையும் இத்தனை நுட்பமாகப் பிரித்தறிந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்குப் பிரமிப்பே மிகுகிறது. தபாற்கந்தோரிலே கவுண்டர் முன் நின்று முத்திரை வாங்குகிறவர், ஒரே தாய்வயிற்றில் பிறந்து வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கப்பல்களில் வந்திறங்கிய இரு சகோதரரை ஒருங்கே காண்கிறார்.

இப்போது பெயர்ப்பலகைகளில் ‘காரியாலயம்’, ‘அலுவலகம்’ என்பனவே விளங்குகின்றன. அவை நல்ல சொற்களே. ஆயினும், கந்தோர் என்று சொல்லும் முதியவர் ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், அவர் நாவில் வழங்கும் இத்தகைய சொற்களை, அவர் உச்சரிக்கும் வண்ணமே, ஒரு கொப்பியில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.