அச்சமும் பால் அடையாளமும்: தொல்காப்பியம் முதல் நன்னூல் வரை

முன்னுரை

ஒருவரின் அச்சத்தையும் அஞ்சாமையையும் கொண்டு அவருடைய ஆண்மையையோ பெண்மையையோ அளக்கும் வழக்கம் தமிழ் மரபில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாலின் வேறுபாட்டைக் குறித்த 'பேடி' என்னும் சொல் இன்று கோழையைச் சுட்டும் வசைச்சொல்லாக வழங்குவதை இவ்வழக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அச்சம் பாலின் அளவுகோலான வகையையும், அதற்கு மாறான வரையறை ஒன்று இலக்கணத்தில் இடம்பெற்றுள்ளதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொல்காப்பியத்தில் அச்சத்தின் இரு நிலைகள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அச்சம் இரு வேறு நிலைகளில் பேசப்படுகிறது. மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். இங்கே அச்சத்திற்குப் புறக்காரணம் உண்டு. அஞ்சுபவர் ஆணா பெண்ணா என்னும் வேறுபாடு நூற்பாவில் இல்லை.

களவியலோ பெருமையையும் உரனையும் ஆணுக்கு உரியனவாகக் கூறி, அச்சம், நாண், மடன் ஆகியவற்றை எக்காலத்தும் பெண்ணுக்கு உரியனவாக வரையறுக்கிறது. இங்கே அச்சத்திற்குக் காரணம் சுட்டப்படவில்லை. முன்னையதில் அச்சம் ஒரு நிகழ்வு; பின்னையதில் அது ஓர் இயல்பு. களவொழுக்கத்தில் தலைவியின் நிலையை விளக்க எழுந்த இவ்வரையறை, பிற்காலத்தில் பயிர்ப்பும் சேர்ந்து நாற்குணமாகி, பெண்கள் அனைவருக்கும் உரிய பொது இலக்கணமாகக் கொள்ளப்பட்டது.

புறநானூறு தரும் மாற்றுச் சான்று

புறத்திணைப் பாடல்கள் இவ்வரையறைக்கு உட்படவில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278ஆம் பாடலில், மகன் புறமுதுகிட்டான் எனக் கேட்ட முதியவள் வாளுடன் களம் சென்று பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாடலில், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தவள் தன் ஒரே மகனையும் போருக்கு அனுப்புகிறாள். அஞ்சாமையால் இவர்களின் பெண்மை ஐயுறப்படவில்லை.

மறுபுறம், ஆண்மையும் ஓர் அச்சத்தின் மேல் நின்றது. கரிகாலனோடு வெண்ணியில் பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண் பட்ட நாணத்தால் வடக்கிருந்தான். இறப்புக்கு அஞ்சாத மன்னன் பழிக்கு அஞ்சினான். அவ்வச்சம் மட்டும் ஆண்மைக்கு இழுக்காகக் கருதப்படவில்லை.

திருக்குறளில் பேடி உவமை

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையோர் தொழில் என்பது வள்ளுவர் கருத்து (428). அங்கே அச்சத்திற்குப் பால் இல்லை. பெண்வழிச்சேறல் அதிகாரத்திலோ மனைவிக்கு அஞ்சும் கணவனைத் தொடர்ந்து மூன்று குறள்கள் (904-906) இழித்துரைக்கின்றன. அவள் ஏவல்வழி நடக்கும் ஆண்மையினும் நாணுடைய பெண்மையே பெருமையுடையது என அடுத்த குறள் (907) கூறுகிறது. அச்சம் ஒருவனை ஆண்மையின் படியிலிருந்து இறக்குகிறது.

அவையஞ்சாமை அதிகாரத்தின் 727ஆம் குறள் இன்னும் நுட்பமாக நோக்கத்தக்கது. அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூல், பகை நடுவே பேடி ஏந்திய ஒளிவாளுக்கு ஒப்பிடப்படுகிறது. இக்குறளில் அஞ்சுவதாகச் சொல்லப்படுபவன் கற்றவனே. பேடி அஞ்சியதாகக் குறளில் ஒரு சொல்லும் இல்லை. வாள் அக்கையில் பயன்படாது என்பது முன்முடிவாகக் கொள்ளப்படுகிறது. முயற்சியில்லாதவனின் உதவியைப் பேசும் 614ஆம் குறளிலும் இதே உவமை வருகிறது. கற்றவனின் அச்சம் பயிற்சியால் நீங்கக்கூடிய குறை. உவமையில் வரும் பேடிக்கோ அது பிறவிக் குணமாக ஏற்றப்படுகிறது.

இலக்கணம் காட்டும் வேறு வழி

தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஆண்மை திரிந்த பெயரை உயர்திணையில் வைத்து, அது ஆண்பால் ஈறு ஏலாது என்கிறது. அச்சம் அங்கே பேசப்படவில்லை. பவணந்தியாரின் நன்னூல் (264) ஒருபடி மேலே சென்று, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. இருவரும் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என அந்நூற்பா இடமளிப்பது அதன் வரம்பு. எனினும், பாலை முடிவுசெய்வது ஒருவரின் அவாவே என்னும் கருத்து அதில் தெளிவாக உள்ளது.

முடிவுரை

2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் திருநங்கையர், திருநம்பியர் முதலானோரின் பால் அடையாளத்தை அவரவர் தன்னுணர்வே தீர்மானிக்கும் எனத் தீர்ப்பளித்தது. அக்கருத்துக்கு நெருக்கமானதொரு கூறு பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. ஆயினும் நாவழக்கில் வேரூன்றியது இலக்கணத்தின் வரையறை அன்று, இலக்கியத்தின் உவமையே. 727ஆம் குறளுக்கு உரை எழுதுவோரும் அதனை வகுப்பில் பயிற்றுவிப்போரும் அஞ்சுபவர் யார் என்பதைச் சுட்டிக்காட்டி விளக்குதல் வேண்டும். அவ்விளக்கம் இன்றேல், மாணவர் குறளோடு சேர்த்து ஒரு வசையையும் கற்றுச் செல்வர்.